தம்பியின் கல்லறைக்கு ஒரு குழுச் சுற்றுலா

ராட்டர்டாம் நகரத்தில் என் தம்பி சேவியர் பதினோரு வருடம் மண்ணுக்குள் கிடந்தான். அத்தனை வருடத்தில் ராயபுரத்திலிருந்து ஒருவரும் போய் அவனைப் பார்க்கவில்லை. கடைசியில் நானும் அவன் மனைவி ரெஜினாவும் போனோம். எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் முதல் வெளிநாடு, முதல் விமானம். அதற்கு முன் நான் போன அதிக தூரம் வேளாங்கண்ணி.

சேவியர் சரக்குக் கப்பலில் ஃபிட்டராக இருந்தான். ராட்டர்டாம் துறைமுகத்தில் கப்பல் நின்றிருந்தபோது ஏணியிலிருந்து சரக்கறைக்குள் விழுந்து இறந்தான். கப்பலின் முதலாளி கப்பலையும் ஆட்களையும் அப்படியே விட்டுவிட்டுக் காணாமல் போனார். உடலை அனுப்ப ஆள் இல்லை. ஆறு வாரம் கழித்து, ஆளெடுத்து அனுப்பிய மண்ணடி ஏஜென்ட் எங்களைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதம் என்று குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

ரெஜினாவின் இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. “மூஞ்சியக் கூட காட்டாம பொதைக்கறேன்றாங்க. நான் எப்டி கையெழுத்து போடுவேன்?” என்று பேனாவைத் தள்ளிவிட்டாள். நான் போட்டேன். அண்ணன் போட்டாலும் செல்லும் என்றார் ஏஜென்ட்.

அன்றிலிருந்து ரெஜினா அவன் செத்துவிட்டான் என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. தாலியைக் கழற்றவில்லை. அவன் ஆத்துமாவுக்குக் கோயிலில் பூசை வைக்கவில்லை. கல்லறைத் திருநாளில் நாங்கள் எல்லோரும் காசிமேடு கல்லறைக்குப் போய் அப்பா அம்மாவின் சிலுவைக்கு வெள்ளையடித்து மெழுகுவத்தி ஏற்றுவோம். அவள் வர மாட்டாள். யாராவது கேட்டால், “கப்பலுக்குப் போனாரு, இன்னும் வரல” என்பாள். திருவொற்றியூர் பக்கம், துறைமுகத்துக்குள் நுழையக் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில் டிபன் கடை போட்டு மகள் ஜெனிபரைப் படிக்க வைத்தாள். வடநாட்டு டிரைவர்களிடம் இந்தி பேசுவாள், லாரி சங்கத்தோடு சண்டை போடுவாள். யாருக்கும் பயப்படாதவள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளிடம் பேச எங்களுக்குப் பயம்.

போன நவம்பரில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. சேவியரை அடக்கம் செய்தபோது ஜெபம் சொன்ன பாதிரியார் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அந்த ஊர்ச் சட்டப்படி இலவசக் கல்லறைகளுக்குத் தவணை உண்டு. சேவியர் இருக்கும் வரிசைக்குத் தவணை முடிந்துவிட்டது. மார்ச் மாதக் கடைசிவரை விட்டுவைப்பார்கள். பிறகு தோண்டி எலும்புகளைப் பொதுவான ஓர் இடத்தில் சேர்த்துவிடுவார்கள். பார்க்க விரும்பினால் அதற்குள் வாருங்கள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ரெஜினாவின் கடைக்குப் போனேன். ஆங்கிலம் அவளுக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். நான் படித்துச் சொன்னேன். “அடுத்த வருஷம் அந்த எடத்த எடுத்துடுவாங்களாம்” என்றேன். மார்ச் என்று சொல்லவில்லை. அன்றைக்கு அதில் உள்நோக்கம் எதுவும் இல்லை.

அவள் தோசைக்கல்லைத் துடைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். “போலாம் மாமா. நீயும் நானும். உள்ள கீறது அவருதானான்னு நான் பாக்கணும்.”

“ட்ராவல்ஸ்ல கேக்கறேன்மா. குரூப்பா கூட்டிகினு போறாங்க.”

“குரூப்பு இன்னாத்துக்கு? ஏரோப்ளேன்ல குந்தினா அவனே எறக்கி வுடறான். அட்ரஸு கீது, வாயி கீது. போயி பாத்துட்டு வர்றதுக்கு ஊர்கோலம் எதுக்கு?”

அவள் சொன்னதுதான் சரி. ஆனால் எனக்குப் பயம். முப்பத்துநாலு வருடம் ஒரே தொழிற்சாலையின் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். வெள்ளைக்காரன் கேட்கும் கேள்வி புரியாவிட்டால்? ரயில் மாறிவிட்டால்? மாத்திரை தீர்ந்துவிட்டால்? கையில் கொடி பிடித்து ஒருவன் முன்னால் நடந்தால் போதும், பின்னால் போய்விடுவேன் என்று தோன்றியது. பிராட்வேயில் ஒரு ட்ராவல்ஸில் உட்கார்ந்திருந்தவர் என் பயத்தை முகத்திலேயே படித்துவிட்டார். “தனியா போனா விசாவுக்கே ஆயிரம் கேள்வி சார். பிப்ரவரில போற மாதிரி தேதி கெடைக்கும், ஆனா நீங்களே அலையணும். குரூப்னா நாங்க பாத்துக்கறோம். பஸ்ஸு ராட்டர்டாம் வழியாத்தான் போவுது. ஃப்ரீ டைம் கீது, நீங்க போய்ட்டு வந்துடலாம்.”

மார்ச் இரண்டாவது வாரம் கிளம்பும் குழுவில் பெயர் கொடுத்தேன். ரெஜினா முகத்தைச் சுளித்தாள்.

பிப்ரவரியில் ட்ராவல்ஸிலிருந்து போன் வந்தது. ஆள் சேரவில்லை, பயணம் ஈஸ்டருக்குப் பிறகு. “அப்பதான் சார் அங்க பூ பூக்கும், கூட்டம் வரும். வேணாம்னா சொல்லுங்க, கேன்சல் பண்ணிடறேன்.”

அந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு மாடியில் நின்றது நன்றாக நினைவிருக்கிறது. அப்போதும் ரத்து செய்துவிட்டுத் தனியாகப் போயிருக்கலாம். நான் என்ன நினைத்தேன் என்றால், அரசாங்க வேலைதானே, மார்ச் என்றால் ஜூலை ஆகும். எங்கள் ஸ்டோரில் கழிவு இரும்பை அகற்றச் சொல்லி வந்த உத்தரவு மூன்று வருடம் ஃபைலில் தூங்கியிருக்கிறது. ஒரு மாதத்தில் என்ன ஆகிவிடும்? “சரி சார், ஈஸ்டருக்கு அப்பறமே போவலாம்” என்றேன். ரெஜினாவிடம், தேதி தள்ளிப்போயிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். இந்த முறை மார்ச் என்பதைத் தெரிந்தே மறைத்தேன்.

*

முப்பத்தெட்டு பேர் கொண்ட குழு. விமான நிலையத்தில் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் தொப்பியும் பையும் கொடுத்தார்கள். ரெஜினா தொப்பியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் கொண்டுவந்திருந்த மெழுகுவத்திகளை விட்டுவிட்டுத் தீப்பெட்டியை மட்டும் சோதனையில் எடுத்துப் போட்டார்கள்.

எங்களைக் கூட்டிப்போன மேலாளர் பிரகாஷ், கோயம்புத்தூர்க்காரர், முப்பது வயது இருக்கும். ஆறு மணிக்கு எழ வேண்டும், ஏழு மணிக்குச் சாப்பாடு, எட்டு மணிக்குப் பஸ். இதை நாளுக்கு நான்கு முறை சொல்வார்.

முதல் இரண்டு நாள் பாரிஸ். இரும்புக் கோபுரத்தின் அடியில் குளிரில் இரண்டு மணி நேரம் வரிசை. மேலே ஏறியதும் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ரெஜினா கம்பியைப் பிடித்துக்கொண்டு, “ராட்டர்டாம் எந்தப் பக்கம் மாமா?” என்று கேட்டாள். எனக்கு வடக்கு எது என்று தெரியவில்லை. ஏதோ ஒரு பக்கம் காட்டினேன். இறங்கும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு பஞ்சாபிக்காரர் ஒருவரின் நிலவறை ஓட்டலில். மத்தியானமும் ராத்திரியும் அதே பன்னீர், அதே பருப்பு. பரிமாறியவரிடம் ரெஜினா இந்தியில் மீன் கேட்டாள். குழுவில் சைவம் அதிகம், மீன் கிடையாது என்றார் அவர். “அங்க லாரிக்காரனுக்கே நான் தெனம் மீன் கொழம்பு ஊத்தறேன்” என்று தயிரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். அவள் எதிரில் உட்கார்ந்திருந்த பாத்திரக்கடை அண்ணாச்சி சிரித்தார். வண்ணாரப்பேட்டையில் மொத்த வியாபாரம், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவரும் அவர் மனைவியும் அதன்பிறகு எங்களோடுதான் உட்கார்ந்தார்கள். நாங்கள் எதற்காக வந்திருக்கிறோம் என்று அவர்களிடம் மட்டும் சொன்னோம்.

மூன்றாம் நாள் பெல்ஜியத்தைத் தாண்டி ஹாலந்துக்குள் பஸ் நுழைந்தது. பஸ்ஸுக்குள் பாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. திடீரென்று ரெஜினா எழுந்து நின்றாள். ஜன்னலுக்கு வெளியே நீலப் பலகையில் ராட்டர்டாம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. இறப்புச் சான்றிதழில் அந்த எழுத்துகளைப் பதினோரு வருடம் பார்த்தவள். தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன.

“வண்டிய நிறுத்து” என்றாள்.

பிரகாஷ் ஓடி வந்தார். “அம்மா, இது ஹைவே. நிறுத்த முடியாதுங்க. உக்காருங்க, பெல்ட் போடுங்க.”

“எங்கள எறக்கி வுடறேன்னு சொன்னாங்கோ.”

“யாருங்க சொன்னது? நம்ம புரோகிராம்ல ராட்டர்டாமே கெடையாதுங்க.”

பலகை பின்னால் போனது. கிரேன்களும் போயின. பஸ்ஸில் பாட்டு நின்றுவிட்டது. ரெஜினா நின்றுகொண்டே என்னைப் பார்த்தாள். நான் பிரகாஷிடம், ஃப்ரீ டைம் என்று சொன்னார்களே என்றேன். நாளைக்குக் காலை துலிப் தோட்டம், மாலை படகு, நாளை மறுநாள் காலை ஜெர்மனி. நடுவில் அரைமணி நேரம் சாமான் வாங்க விடுவோம், அதுதான் ஃப்ரீ டைம் என்றார்.

அன்று சாயங்காலம் ஓட்டல் வரவேற்பறையில் நான் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “சார், போன தடவ ஒருத்தர் மருந்து வாங்கிட்டு வரேன்னு போனாருங்க. இன்னும் வரல. இங்கயே எங்கயோ தங்கிட்டாரு. ஆறு மாசம் என்னைய விசாரிச்சாங்க. உங்களைப் போக விட்டு நீங்களும் வரலீன்னா என் வேலை போயிருமுங்க.”

பக்கத்தில் இருந்த அண்ணாச்சி, “தம்பி, அவுக ஓடிப்போற ஆளா, வே? புருசன் கல்லறையப் பாக்கணும்னு ஒரு பொம்பள கேக்கா. பூவப் பாத்து என்ன செய்யப் போறா? நாளைக்கி ராத்திரிக்குள்ள வரலன்னா நான் பொறுப்பு. எங்க ரெண்டு பேரு பாஸ்போர்ட்டையும் நீரே வச்சுக்கிடும்” என்றார்.

பிரகாஷ் அவர் பாஸ்போர்ட்டை வாங்கவில்லை. எங்கள் சொந்தப் பொறுப்பில் போகிறோம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். சாயங்காலம் ஏழு மணிக்குள் திரும்ப வேண்டும்.

*

நான்காம் நாள் காலை குழு பூந்தோட்டத்துக்குப் போனது. நாங்கள் ரயில் நிலையத்துக்கு நடந்தோம். எதிர்காற்று முகத்தில் அறைந்தது. எல்லோரும் சைக்கிளில் போனார்கள். மழைத்தூறலில் குடைகூட இல்லாமல், மார்பில் குழந்தையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் சைக்கிள் ஓட்டிப் போனாள்.

நிலையத்தில் டிக்கெட் கொடுக்க ஆளே இல்லை. இயந்திரம் என் கார்டை மூன்று முறை துப்பியது. எனக்கு வேர்த்தது. ரெஜினா சுற்றிலும் பார்த்துவிட்டு, “தோ, நம்ம ஊரு பொண்ணு மாதிரி கீது” என்று ஒரு பெண்ணிடம் போனாள். மாநிறம், நீளச் சடை, அச்சு அசல் தண்டையார்பேட்டை முகம். ரெஜினா தமிழில் பேசினாள், பிறகு இந்தியில். அந்தப் பெண் கையை விரித்துவிட்டு ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னாள்: அவள் கொள்ளுத்தாத்தா காலத்திலேயே கரும்புத் தோட்ட வேலைக்கு, டச்சுக்காரர்கள் ஆண்ட சூரினாம் நாட்டுக்குப் போனவர்கள்; அவளுக்கு டச்சும் ஆங்கிலமும்தான் தெரியும். தன் கார்டில் எங்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். நான் நீட்டிய நோட்டைக் கடைசிவரை வாங்கவில்லை.

ரயிலில் ஏறினோம். நாலைந்து நிலையம் தாண்டி ஓரிடத்தில் வண்டி நின்றது. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். எல்லோரும் இறங்கிப் போனார்கள். நாங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தோம். பெட்டி காலியானபிறகும் எனக்கு இறங்கத் தோன்றவில்லை, யாராவது வந்து சொல்வார்கள் என்று இருந்தேன். வெளியிலிருந்து துப்புரவுக்காரர் ஒருவர் கண்ணாடியைத் தட்டி, வண்டி இங்கேயே முடிந்துவிட்டது என்று கையைக் குறுக்கே ஆட்டிக் காட்டினார். அடுத்த வண்டிக்கு முக்கால் மணி நேரம் நின்றோம்.

“கொடி புடிக்க ஆளு இல்லன்னா குந்தினே இருப்பியா மாமா?” என்றாள் ரெஜினா. கோபமாகச் சொல்லவில்லை. அதன்பிறகு அவள்தான் முன்னால் நடந்தாள். ராட்டர்டாமில் இறங்கியதும் கடிதத்தில் இருந்த முகவரியை டிராம் ஓட்டுநரிடம் காட்டினாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துத் தலையாட்டினார், இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று.

கல்லறைத் தோட்டம் பூங்கா மாதிரி இருந்தது. எங்கள் காசிமேட்டில் சிலுவை மேல் சிலுவை, நடக்க இடம் இருக்காது. அங்கும் குழியைத் திரும்பத் தோண்டுவார்கள், ஆனால் அப்பா மேல் அம்மாவை வைப்பார்கள், சொந்தக்காரன் மேல் சொந்தக்காரனை. இங்கே புல், குளம், வாத்து, பெரிய பெரிய மரங்கள். ஆள் நடமாட்டமே இல்லை.

அலுவலகத்தில் பச்சை உடுப்பும் ரப்பர் பூட்ஸும் போட்ட பெரிய உடம்புக்காரர் ஒருவர் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். கடிதத்தில் இருந்த வரிசை எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. எங்களை உட்காரச் சொல்லிக் காபி ஊற்றிக் கொடுத்தார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: “அந்த வரிசையை எடுத்துவிட்டோம். நான்கு வாரம் ஆகிறது.”

ரெஜினா என் முகத்தையே பார்த்தாள். “இன்னா சொல்றாரு?”

“எடுத்துட்டாங்களாம்மா.”

“எப்போ?”

“கொஞ்ச நாளு ஆவுதாம்.”

அவர் மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: “மார்ச் கடைசிவரை என்று உங்களுக்குக் கடிதம் வந்திருக்குமே. யாராவது எழுதிக் கேட்டிருந்தால் இன்னும் சில வாரம் காத்திருந்திருப்போம். யாரும் கேட்கவில்லை.”

“இப்ப இன்னா சொல்றாரு மாமா?”

“வருத்தமா கீதாம்” என்றேன்.

அவர் எங்களை அந்த இடத்துக்குக் கூட்டிப்போனார். மண்ணைச் சமன் செய்து புல் விதைத்திருந்தார்கள். பறவை வராமல் இருக்கக் குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டியிருந்தது. ஒரு சிலுவை இல்லை, ஒரு கல் இல்லை. எலும்புகளைச் சேர்த்த இடம் எது என்று கேட்டேன். மரங்களுக்கு அப்பால் ஒரு புல்வெளியைக் காட்டினார். எல்லோரும் அதற்கடியில்தான் இருக்கிறார்கள் என்றார்.

ரெஜினா நூல் கட்டிய மண்ணின் ஓரத்தில் நின்றாள். “தோண்டினது யாருன்னு கேளு” என்றாள்.

கேட்டேன். “நான்தான்” என்றார் அவர்.

“அவரு எடது கால்ல கம்பி கீதான்னு கேளு. கல்யாணத்துக்கு முன்னாடி எண்ணூர் ரோட்டுல லாரி இடிச்சு வெச்ச கம்பி. தொடையில.”

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “அந்த வரிசையில் பெரும்பாலும் வயதானவர்கள். அவர்களுக்கு இடுப்பு மூட்டு மாற்றி வைத்த உலோகக் குண்டு இருக்கும். ஒருவருக்கு மட்டும் நீளக் கம்பி. இடது தொடை. திருகாணிகளோடு. எலும்பு வயதானவருடையது இல்லை. சின்ன வயதுக்காரர் என்று நானே நினைத்துக்கொண்டேன்.” இரண்டு கைகளையும் விரித்து நீளத்தைக் காட்டினார்.

நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கைகளைப் பார்த்ததும் ரெஜினாவுக்குப் புரிந்துவிட்டது. ஈரப் புல்லில் உட்கார்ந்தாள். பதினோரு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அவன் பெயரைச் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டு, எங்கள் தெருவில் சாவு விழுந்தால் பெண்கள் எப்படி அழுவார்களோ அப்படி, அந்தச் சத்தமில்லாத இடத்தில் தனி ஒருத்தியாக அழுதாள். குளத்திலிருந்து வாத்துகள் பறந்தன. அந்தப் பெரிய மனிதர் திரும்பி நின்றுகொண்டார்.

கம்பியைக் கேட்டாள். உலோகத்தைத் தனியாகச் சேர்த்து அனுப்பிவிடுவார்களாம், போய்விட்டது என்றார். புல்வெளிக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினோம். அவர் தன் லைட்டரைக் கொடுத்தார். காற்றில் ஒன்றுகூட நிற்கவில்லை. அவர் முட்டி போட்டுத் தன் உடம்பாலேயே காற்றை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார், நாங்கள் ஜெபம் சொல்லி முடிக்கும்வரை.

*

திரும்பும் ரயிலுக்கு நடைமேடையில் காத்திருந்தோம். ரெஜினாவின் முகம் வீங்கியிருந்தது, ஆனால் அமைதியாக இருந்தாள். ஒரு கடையில் பொரித்த மீன் விற்றார்கள். வாங்கிக் கொடுத்தேன், இரண்டு வாய் சாப்பிட்டாள். அந்த நேரம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

“ரெஜினா, ஒண்ணு சொல்லணும். மார்ச் கடைசிக்குள்ள வரணும்னு அந்த லெட்டர்லயே போட்டிருந்துச்சு. எனக்குத் தெரியும். ஒரு மாசத்துல ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்.”

அவள் மீனைக் காகிதத்தில் சுற்றிப் பக்கத்தில் வைத்தாள்.

“நான் சொன்னப்பவே நாம தனியா வந்திருந்தா?”

“இருந்திருக்கும்.”

“சிலுவ, பேரு, எல்லாம்?”

“ஆமா.”

ஒரு வண்டி நிற்காமல் போனது.

“இத்த ஏன் இப்போ சொல்றே மாமா?”

“மனசு கேக்கலம்மா.”

“உன் மனசு கேக்கலன்னு எங்கிட்ட எறக்கி வெக்கறியா? இன்னிக்கித்தான் என் புருஷன் செத்தாரு. இன்னிக்கி ஒரு நாளு அவருக்காக மட்டும் அழ வுட்டிருக்கலாம்ல?”

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. வண்டி வந்ததும் ஏறி, எனக்கு இரண்டு வரிசை முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். ஏழு மணிக்குப் பத்து நிமிடம் முன்பு ஓட்டலுக்கு வந்தோம். வாசலில் பிரகாஷும் அண்ணாச்சியும் குளிரில் நின்றுகொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் பிரகாஷுக்குக் கண் கலங்கிவிட்டது. அது வேலை தப்பியதற்காக என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த நேரத்தில் யாராவது எங்களுக்காகக் காத்திருந்தது ஆறுதலாக இருந்தது.

குழுச் சுற்றுலாவில் பாதியில் திரும்ப வழியில்லை. அதன்பிறகு ஐந்து நாள் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து. கடிகாரக் கடை, அருவி, சாக்லெட். ரெஜினா அண்ணாச்சி மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் டிரைவருக்குப் பின்னால் தனியாக. கம்பியில் தொங்கிப் போகும் வண்டியில் ஏற்றிப் பனிமலை உச்சியில் விட்டார்கள். பனியை உருட்டி ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொண்டார்கள். குழுப் படம் எடுக்க எல்லோரையும் தொப்பி போடச் சொன்னார் பிரகாஷ். ரெஜினா அன்றைக்குத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, சொன்ன இடத்தில் போய் நின்றாள். அந்தப் படம் என் போனில் இருக்கிறது. முப்பத்தெட்டு பேரில் அவள் ஒருத்தி கேமராவைப் பார்க்கவில்லை. பனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கழுத்தில் தாலி இல்லை. எப்போது கழற்றினாள் என்று எனக்குத் தெரியாது.

ஊருக்கு வந்தபிறகு தெரிந்தவர்கள், கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், குழுவாகப் போவது நல்லதா, நாமே போவதா என்று. சுற்றிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் குழுவில் போங்கள், நேரத்துக்குச் சோறு கிடைக்கும், வழி தவறாது என்கிறேன். ஒரு நாளைக்குள் போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்று இருந்தால், முப்பத்தெட்டு பேர் சேரும்வரை காத்திருக்காதீர்கள் என்றும் சொல்கிறேன். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

வந்த இரண்டாவது வாரம் கல்மண்டபத்திலிருந்து காசிமேடுவரை சுவர்களில் போஸ்டர் ஒட்டியிருந்தது. கண்ணீர் அஞ்சலி. கப்பலுக்குப் போவதற்கு முன் சேவியர் ஸ்டூடியோவில் எடுத்த படம். கீழே மனைவி, மகள், அதற்கும் கீழே அண்ணன் என்று என் பெயர். எந்த இடத்தில் போட வேண்டுமோ அந்த இடத்தில், எழுத்துப் பிழை இல்லாமல் போட்டிருந்தாள். யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

பூசைக்கு நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் போனோம். கோயில் நிறைந்திருந்தது. லாரி டிரைவர்கள்கூட வந்திருந்தார்கள். பங்குச் சாமியார் சேவியரின் பெயரை இறந்தவர்களின் வரிசையில் முதன்முறையாக வாசித்தார். முடிந்ததும் பக்கத்து அறையில் டீயும் பிஸ்கட்டும். ரெஜினா வெள்ளைப் புடவையில் தட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் வந்தாள். ஜெனிபர் பின்னால் டீ கொண்டுவந்தாள்.

என்னிடமும் வந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை ‘நீ’ என்றுதான் பேசியிருக்கிறாள். சண்டையிலும் சரி, சாவிலும் சரி. ‘மாமா’ என்று கூப்பிடாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. தட்டை நீட்டினாள்.

“எடுத்துக்கோங்க” என்றாள்.

எடுத்துக்கொண்டேன். அடுத்தவரிடம் போய்விட்டாள்.